ரிஞ்சானி எரிமலைக்குக் கிளம்பும் தங்கச்சிமடத்துத் தம்பிகளுக்கு

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் நாலு பேர். இரண்டு பேர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள், ஒருவர் ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார், நாலாவது ஆளுக்குக் கோலாலம்பூரில் வேலை. ஆகஸ்டில் இந்தோனேசியாவின் லொம்பொக் தீவுக்குப் போய், ரிஞ்சானி எரிமலையில் மூன்று பகல் இரண்டு இரவில் ஏறி இறங்குவதாகத் திட்டம். காடு, எரிமலை வாய்க்குள் ஏரி, சிகரத்தில் சூரிய உதயம், எல்லாமே பார்க்க வேண்டுமாம். இதுவரை இவர்கள் ஏறிய உயரமான இடம் ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம்தான். "எங்களால் முடியுமா? இந்தச் சமதரையில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?" இதுதான் கேள்வி.

முடியும். ஆனால் அந்தத் திட்டம் அப்படியே வேண்டாம். சிகரத்தைக் கழற்றிவிட்டு காட்டையும் ஏரியையும் வைத்துக்கொள்ளுங்கள். சிகரம் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு நாளாவது கூட்டுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உயரக் கணக்கு. ரிஞ்சானி 3,726 மீட்டர், இந்தோனேசியாவின் எரிமலைகளில் சுமத்ராவின் கெரிஞ்சிக்கு அடுத்து உயரமானது இதுதான். உங்கள் மூன்று நாள் பயணத்தில் செம்பலுன் என்ற ஊரில், சுமார் 1,150 மீட்டரில் நடக்க ஆரம்பிப்பீர்கள். அன்று மாலைக்குள் எரிமலை வாயின் விளிம்புக்கு, 2,639 மீட்டருக்கு ஏற வேண்டும். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆக முதல் நாள் முடிவில் நீங்கள் தொட்டபெட்டா உச்சியில் டெண்ட் போட்டுப் படுத்திருப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். அங்கிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறினால்தான் சிகரம். பிறகு அதே நாளில் விளிம்புக்கு இறங்கி, அங்கிருந்து ஏரிக்கு இறங்க வேண்டும். ஏரி சுமார் 2,000 மீட்டரில், ஏறத்தாழ கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது. மறுநாள் எதிர்ப்பக்க விளிம்புக்கு 640 மீட்டர் ஏறி, அந்தப் பக்கம் செனாரு என்ற ஊருக்கு, சுமார் 600 மீட்டருக்கு, ஒரே இறக்கமாக இறங்க வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஏற்றம் மொத்தம் ஏறக்குறைய 3,200 மீட்டர். இறக்கம் 3,700 மீட்டருக்கு மேல். ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் சமதரைக்காரனை உடைப்பது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைச் சதைதான் பிரேக். அது இழுபட்டுக்கொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும், அப்படிப் பட்ட வேலைக்கு நம் கால் பழகியதே இல்லை. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் முட்டி நடுங்கும், மூன்றாம் நாள் காலையில் டெண்டிலிருந்து தவழ்ந்து வெளியே வருவீர்கள், அந்தக் காலோடுதான் இரண்டாயிரம் மீட்டர் இறங்க வேண்டும். கால் தவறி விழ வாய்ப்பு அதிகம் அந்த நேரத்தில்தான்.

இந்த மலை எப்படி உருவானது என்று தெரிந்தால் வழியில் என்ன காத்திருக்கிறது என்பதும் புரியும். இப்போது ஏரி இருக்கும் இடத்தில் முன்பு சமாலாஸ் என்ற இன்னொரு சிகரம் இருந்தது, ரிஞ்சானியை விட உயரமானது என்று கணித்திருக்கிறார்கள். 1257இல் அது வெடித்தது. மதுரையில் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. உள்ளே இருந்த கற்குழம்பு வெளியே போனதும் தாங்க ஆள் இல்லாமல் மேல்கூரை அப்படியே உள்வாங்கி, ஆறு கிலோமீட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் அளவில் ஒரு பெரும் பள்ளம் ஆனது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனிக்கட்டியைத் துளைத்துப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு 1257–58 வாக்கில் எங்கோ ஒரு பேரெரிமலை வெடித்திருக்கிறது என்று முன்பே தெரியும், எது என்றுதான் தெரியவில்லை. அது சமாலாஸ்தான் என்று 2013இல்தான் ஆய்வு வெளிவந்தது. அதற்கு உதவிய சாட்சிகளில் ஒன்று லொம்பொக்கின் பழைய ஓலைச்சுவடி. மலை சரிந்ததையும் பமாத்தான் என்ற ஊர் புதையுண்டதையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பனை ஓலையின் மதிப்பு நம் ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கித்தான் செகாரா அனாக் ஏரி. ஏரியின் ஒரு ஓரத்தில் பாருஜாரி என்ற குட்டி எரிமலை முளைத்திருக்கிறது, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1994, 2004, 2009, 2015, 2016 என்று நம் காலத்திலேயே பலமுறை கக்கியிருக்கிறது.

இப்போது சிகரத்துக்குப் போகும் சரிவுக்கு வருகிறேன். கடைசிப் பகுதி முழுக்க எரிமலைச் சாம்பலும் பொரிந்த சரளைக் கல்லும்தான். கட்டிப் பாறை கிடையாது, வேர் கிடையாது, பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கிக் கீழே வரும். இருட்டு, குளிர், முன்னால் போகிறவர் கிளப்பும் தூசி எல்லாம் மூக்கில். ஒரு பக்கம் ஏரி இருக்கும் பள்ளம், மறுபக்கமும் சரிவு, நடுவே ஒற்றையடி மேடு. 2025 ஜூனில் பிரேசில் நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் சிகரப் பாதையிலிருந்து சரிந்து விழுந்து இறந்துபோனார், மீட்புக் குழு அவரிடம் போய்ச் சேரவே நாட்கள் ஆயின. பயமுறுத்தச் சொல்லவில்லை. தினமும் எத்தனையோ பேர் பத்திரமாக ஏறி இறங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வாழ்க்கையில் முதல் மலையாக ஏற வேண்டிய சரிவு அது இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்று, சிகரத்தில் சூரிய உதயம் என்பதை ரொம்பப் பெரிதாக்கி விற்கிறார்கள். விளிம்பிலிருந்தே அதே சூரியன் தெரியும், கீழே ஏரி தெரியும், மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். காலையில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். சிகரத்துக்குப் போனவர்கள் அந்த நேரத்தில் பல் கிட்டிக்கொண்டு நிற்பார்கள்.

காடுதான் இந்தப் பயணத்தின் உண்மையான வரவு, அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. செனாரு பக்கம் ஏறினால் முதல் பாதி அடர்ந்த மழைக்காடு. வேர்கள் படிக்கட்டாக ஓடும், வெயில் தரையைத் தொடாது, மேலே கருமந்திகள் தாவும். செம்பலுன் பக்கம் நேர் எதிர்: மரமே இல்லாத புல்வெளி, மணிக்கணக்கில் திறந்த வெயில். வெள்ளைக்காரர்கள் இங்கே சுருண்டுவிடுவார்கள், நமக்கு அது ஒரு வெயிலாகவே தெரியாது. இரண்டு பக்கமும் மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, ஓர் உயரத்துக்குப் பிறகு சவுக்கு வரும். ஆமாம், சவுக்கேதான். தனுஷ்கோடி சாலையோரம் நிற்பது கடற்கரைச் சவுக்கு என்றால் இது மலைச் சவுக்கு, ஒரே குலத்தில் வேறு இனம். ஜாவாவிலிருந்து கிழக்கே உள்ள தீவுகளின் எரிமலைகளில் சாம்பல் விழுந்து காய்ந்த சரிவுகளில் முதலில் கால் ஊன்றும் மரங்களில் இதுவும் ஒன்று. வெறும் மணலில் பிழைக்கத் தெரிந்த குடும்பம் வெறும் சாம்பலிலும் பிழைக்கிறது, அவ்வளவுதான். காற்று அடிக்கும்போது அதே இரைச்சல் கேட்கும். காய்ந்த சவுக்கு இலை எப்படித் தீப்பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகஸ்டில் அங்கே வறட்சிக் காலம். பீடி, சிகரெட் துண்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

குரங்குகள் உண்டு. விளிம்பில் டெண்ட் போடும் இடத்தில் அழகர்கோயில் குரங்குகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் குடியிருக்கிறார்கள். சாப்பாட்டை டெண்டுக்கு வெளியே வைக்காதீர்கள்.

ஏரியில் கடற்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். அது நன்னீர், உப்புத் தண்ணீர் தூக்கிப் பிடிப்பது போல உடம்பைத் தூக்காது. கடலில் அனாயாசமாக மிதக்கிறவன் நன்னீரில் கொஞ்சம் அமிழ்ந்துதான் நீந்துவான், அந்த உயரத்தில் மூச்சும் சீக்கிரம் முடியும். கரையை விட்டு சில அடிகளிலேயே ஆழம் இறங்கும், நடுவில் இருநூறு மீட்டர் ஆழம். கரையோரம் குளித்துவிட்டு வாருங்கள், பாருஜாரி பக்கம் நீந்திப் போகிற வீரம் வேண்டாம். மலை உயரத்துக்குத் தண்ணீர் உறைகிற குளிராக இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது. அடியிலிருந்து சூடு ஏறுவதால் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். சற்றுத் தள்ளி ஐக் கலாக் என்ற கொதிநீர் ஊற்று இருக்கிறது. சிகரம் ஏறி இறங்கிய காலை அதில் ஊற வைப்பதுதான் இந்த மொத்தப் பயணத்திலும் மறக்க முடியாத பகுதி என்று பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. சில குட்டைகள் தோலை உரித்துவிடும் சூடு, கைடு காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஏரியில் தூண்டில் போடுகிறவர்களையும் பார்ப்பீர்கள். சிக்குவது திலாப்பியா, அதாவது நம் கண்மாய் ஜிலேபிக் கெண்டைதான், யாரோ கொண்டுவந்து விட்டது. கடலுக்குப் போகும் தம்பிகள் அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேண்டும்.

அப்புறம், அது அவர்களுக்குப் புனிதத் தண்ணீர். லொம்பொக்கில் வாழும் பாலி இந்துக்கள் பொன்னைக் காணிக்கையாக ஏரியில் இடும் சடங்கு உண்டு, தீவின் பெரும்பான்மையினரான சாசாக் முஸ்லிம்களும் இந்த மலையை மரியாதையாகப் பார்க்கிறவர்கள். அக்னி தீர்த்தத்தில் வெளியூர்க்காரர்கள் துணியை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து நாம் எப்படி எரிச்சல் படுகிறோமோ, அதை நினைவில் வைத்துக்கொண்டு சோப்பு, ஷாம்பூ பாக்கெட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

எல்லா எரிமலை ஏரியும் இப்படிக் குளிக்கத் தகுந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அதே நாட்டில் ஜாவாவின் கிழக்கே காவா இஜென் என்று ஓர் ஏரி, பச்சை நிறத்தில் அழகாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது கடும் அமிலம். கந்தக நெடி மூக்கில் ஏறும் இடம் எதுவானாலும், பள்ளமான இடத்தில் உட்காராதீர்கள். கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் காற்றை விடக் கனம், பள்ளத்தில்தான் தங்கும்.

எரிமலை வெடித்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தோனேசிய அரசு எரிமலைகளை நாலு நிலைகளாகப் பிரித்து எச்சரிக்கை கொடுக்கிறது, மாக்மா இந்தோனேசியா என்ற செயலியில் பார்க்கலாம். கிளம்பும் முன்பும் அங்கே போனதும் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி நெஞ்சை நிமிர்த்த முடியாது. 2014 செப்டம்பரில் ஜப்பானின் ஒன்டாகே மலை மிகக் குறைந்த எச்சரிக்கை நிலையில் இருக்கும்போதே வெடித்தது. கற்குழம்பு கூட வெளியே வரவில்லை, உள்ளே சூடான நீர் ஆவியாகி வெடித்ததற்கே அறுபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராபி வெடித்தபோது இருபதுக்கு மேல் இறந்தார்கள்; வாயிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கச் சொல்லி முன்பே அறிவித்திருந்தும் ஏறியிருந்தார்கள். ஆகையால் பாருஜாரி பக்கம் போகாதே என்று சொன்னால் போகாதீர்கள், படம் எடுக்க என்று கூட. நிலநடுக்கமும் உண்டு: 2018 ஜூலை 29 அன்று லொம்பொக் குலுங்கியபோது பாதைகள் சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் மலைமேல் மாட்டிக்கொண்டார்கள். இதனால்தான் இன்சூரன்ஸ் எடுக்கும்போது மலையேற்றத்துக்கும், 3,000 மீட்டருக்கு மேலும், ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று எழுத்தில் பார்த்து வாங்கச் சொல்கிறேன். சாதாரணப் பயண இன்சூரன்ஸில் இவை பெரும்பாலும் இருக்காது.

சரி, தயாராவது எப்படி. உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வலை பொத்தும் வேலை போக நேரம் இருக்கும். அந்த இரண்டு மாதம்தான் பயிற்சிக் காலம்.

மணலில் ஆரம்பியுங்கள். சாம்பல் சரிவில் கால் புதைந்து சறுக்குவதற்கு நெருக்கமான பயிற்சி வேறெங்கும் கிடைக்காது, கோயம்புத்தூர்க்காரனுக்கு இது இல்லை. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஈர மணலை விட்டு ஒதுங்கி, மேலே கிடக்கும் பொலபொல மணலில் ஷூ போட்டுக்கொண்டு நடங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு முன் தொடங்கிவிடுங்கள், அக்னி நட்சத்திரத்தில் எட்டு மணிக்கு மேல் அங்கே நடப்பது பயிற்சி ஆகாது. முதல் வாரம் வெறும் ஆளாக, பிறகு முதுகில் ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று ஏற்றுங்கள். தண்ணீர் பாட்டில்களே போதும், களைத்தால் கொட்டிவிட்டு வரலாம். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் எதிர்க்காற்றில் நடப்பதையும் தவிர்க்காதீர்கள், விளிம்பில் அடிக்கும் காற்றுக்கு அது ஒத்திகை.

ஆனால் மணல் இறக்கத்தைக் கற்றுத்தராது. அதற்குப் படி வேண்டும், அப்புறம் மலை வேண்டும். மூன்று மாடிக் கட்டடம் ஒரு தடவை ஏறினால் சுமார் பத்து மீட்டர். முதல் நாள் ஏற்றத்துக்குச் சமமாக அதில் ஏற வேண்டுமென்றால் நூற்றைம்பது தடவை, ஆகவே படிக்கட்டு காலைப் பழக்கத்தான். ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது வேண்டுமென்றே மெதுவாகவும் போங்கள், ஒவ்வொரு படியிலும் முட்டியை மடக்கிப் பாரத்தைத் தாங்கி இறங்குங்கள். கண்மாய்க் கரையும் பயன்படும், கல் பாவிய உட்சரிவில் ஏறி இறங்கினால் கணுக்காலுக்கு நல்லது.

மலை என்று பார்த்தால் நமக்குப் பக்கத்தில் பிரான்மலை. சிங்கம்புணரி பக்கம், இரண்டாயிரம் அடிக்கு மேல், பாதை முரட்டுத்தனமாகவே இருக்கும், உச்சியில் தர்கா. காலையில் பஸ் ஏறிப் போய் ஏறி இறங்கி ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்க முடிகிறதா பாருங்கள். இது முடிந்தால் சதுரகிரி, முடிந்தால் வெள்ளியங்கிரி. வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரைதான் விடுவார்கள், ராத்திரி ஏற்றமும் குளிரும் அங்கேயே ஒருமுறை பழகிவிடும். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிடக் கூடாது. 2024இல் தமிழ்நாடு அரசே நாற்பது பாதைகளை அறிவித்து, கைடோடு கூட்டிப்போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது, அதில் ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு தந்திரம். பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் ஒரு பெரிய இறக்கம் இறங்கித் தொடையை நன்றாக வலிக்க வையுங்கள். ஒருமுறை அப்படிச் சேதமாகி ஆறிய சதை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாக வலிக்காது. விளையாட்டு மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. கடைசி வாரம் சும்மா இருங்கள், ஆர்வக் கோளாறில் ஓடாதீர்கள்.

குளிரைப் பற்றி உங்களுக்குப் பயமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், கொஞ்சம் பயப்படலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கடற்கரையில் விடியற்காலை 24 டிகிரி என்றால் சிகரத்தில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், காற்று வேறு. மார்கழி வாடையில் சால்வை போர்த்துகிறவர்கள் நாம். உள்ளே வியர்வையை உறிஞ்சி காய்கிற பனியன், அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கையுறை, காது மூடும் குல்லா. பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றதும் உடம்பு சில்லிட்டுவிடும்.

உயரத்தில் காற்று அழுத்தமும் குறையும். சிகரத்தில் கடல்மட்டத்து அளவில் மூன்றில் இரண்டு பங்கு கூடக் கிடையாது. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை யாருக்கும் வரலாம், உடம்பு வலுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மேலே போகக் கூடாது, இறங்கிவிட வேண்டும். உங்களில் யாருக்காவது ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எப்படியும் அங்கே மருத்துவச் சான்று கேட்பார்கள்.

ஷூவை இப்போதே வாங்குங்கள். வழக்கமான அளவை விட அரை சைஸ் பெரியது, ஏனென்றால் இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும். அதே காரணத்துக்காகக் கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த அகலப் பாதம் நமக்கு, முன்பக்கம் குறுகிய ஷூவைக் கடைக்காரர் "போகப் போக லூஸாகும்" என்று தள்ளிவிடப் பார்ப்பார், விடாதீர்கள். பயிற்சி முழுக்க அதே ஷூவில் நடந்திருக்க வேண்டும். புது ஷூவோடு விமானம் ஏறுகிறவர் கொப்புளத்தோடு திரும்புவார். சரளை உள்ளே போகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை ஒரு ஜோடி, தூசிக்கு மூக்கைக் கட்ட ஒரு துண்டு. இரண்டு கைக்கும் ஊன்றுகம்பு, இதில் கஞ்சத்தனம் வேண்டாம், இறக்கத்தில் முட்டியின் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். தலையில் மாட்டும் லைட் படகில் இருப்பதே போதும், பேட்டரி மட்டும் புதிதாகப் போடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சோறு, சம்பல், முட்டை, கோழி என்று போர்ட்டர்களே சமைத்துப் போடுவார்கள், லொம்பொக்கில் பெரும்பாலும் முஸ்லிம்கள், ஹலால் பற்றியும் யோசிக்க வேண்டாம். நடக்கும்போது மெல்லக் கருப்பட்டி, கடலை மிட்டாய், பேரீச்சை. கீழக்கரைத் தொதல் கிடைத்தால் கொஞ்சம் எடுத்துப் போங்கள், கெட்டுப் போகாது, சக்தி நிறைய. அங்கேயும் அதே மாதிரி ஒன்று விற்பார்கள், எது நன்றாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில் கவனம்: எரிமலை மண் சல்லடை, மழை பெய்தாலும் உள்ளே போய்விடும், வறட்சிக் காலத்தில் வழியில் ஓடை எதையும் நம்பாதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டரோடு கிளம்பி, உப்புச் சர்க்கரைப் பொடி கலந்து குடியுங்கள்.

கீழே கிடக்கும் நுரைக்கல்லை ஆசைக்கு எடுத்துப் பாருங்கள், வாயுக் குமிழியால் நிறைந்தது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்க விட்டிருப்பது இதுவா பவளப்பாறையா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது தேசியப் பூங்கா.

கம்பெனி தேர்ந்தெடுக்கும்போது விலை குறைந்ததைப் பிடிக்காதீர்கள். குறைகிற பணம் போர்ட்டர் கூலியிலிருந்துதான் போகும், அப்புறம் உங்கள் ஸ்லீப்பிங் பேக்கின் கனத்திலிருந்து. மூங்கில் கம்பின் இரு முனையிலும் கூடை கட்டி, இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாமல் தூக்கிக்கொண்டு, பலர் ரப்பர் செருப்பில் உங்களைத் தாண்டிப் போவார்கள். ஒரு போர்ட்டருக்கு எவ்வளவு கிலோ, கூலி எவ்வளவு, ராத்திரி அவர்களுக்கு டெண்ட் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள். சுமை இறக்கக் கூலி பேசி வளர்ந்த ஊர்க்காரர்கள் நீங்கள், இதைக் கேட்கக் கூச்சப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆக என் திட்டம் இது. நாலு பகல் மூன்று இரவு. செம்பலுனில் ஏறி விளிம்பில் முதல் இரவு. சிகரத்தை விட்டுவிட்டால் மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்து நிதானமாக ஏரிக்கு இறங்கி, அங்கேயே இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் கொதிநீரில் ஊறிவிட்டு எதிர் விளிம்புக்கு ஏறி மூன்றாம் இரவு, கடைசி நாள் செனாருக் காட்டு வழியே இறக்கம். நாலு பேரில் யாருக்காவது விளிம்பில் முதல் இரவு உடம்பு பிரமாதமாக இருந்து சிகர ஆசை அடங்காவிட்டால், அவர் மட்டும் கைடோடு போய்வரட்டும், மற்றவர்கள் காத்திருங்கள். இரண்டு கைடு வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்தால்தான் அது நடக்கும். ஏரிக்குப் போகும் பாதையைச் சில சமயம் மூடிவிடுவார்கள், பணம் கட்டும் முன் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

செல்போன் கடைத் தம்பி வீட்டாரையும் கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறார். ரிஞ்சானிக்கு வேண்டாம். பாலியில் பாத்தூர் இருக்கிறது, 1,717 மீட்டர், இரண்டு மணி நேர ஏற்றம், அதுவும் எரிமலைப் பள்ளம், ஏரி, கறுத்த கற்குழம்பு வெளி எல்லாம் உள்ளது. அம்மா அப்பாவுக்கு என்றால் வடக்கு சுமத்ராவின் தோபா ஏரி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளம், நூறு கிலோமீட்டர் நீளம், அந்த வெடிப்பின் சாம்பல் ஆந்திராவில் கூட மண்ணுக்கடியில் கிடைக்கிறது. படகில் போய், பைன் காட்டில் கொஞ்சம் நடந்து, மீன் சாப்பிட்டுவிட்டு வரலாம். வழியில் மேடான் நகரத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள், 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது.

போக்குவரத்துக்கு, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கே நாலாவது ஆளைச் சேர்த்துக்கொண்டு லொம்பொக்குக்கு நேர் விமானம் பிடியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா தருவார்கள், 30 நாள், 5 லட்சம் ரூபியா, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்ல வேண்டும். பூங்கா அனுமதியை இ-ரிஞ்சானி செயலியில் பதிவு செய்ய வேண்டும், கம்பெனியே செய்து தரும், ஆனால் உங்கள் பெயரில் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், ஆகவே மே மாதத்திலேயே பதிவு செய்யுங்கள். பொதுவாக ஜனவரி முதல் மார்ச் முடிய மழைக்காக மலையை மூடிவிடுவார்கள், தேதியைத் தள்ளிப்போட நேர்ந்தால் அதை ஞாபகம் வையுங்கள். லொம்பொக்கில் இறங்கிய அன்றே மலை ஏறாமல் செம்பலுனில் ஓர் இரவு தங்குங்கள், 1,150 மீட்டர் உடம்புக்கு நல்ல முதல் படி. ஊன்றுகம்பைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், மடக்கிப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.